ஏழு படங்கள் எங்கே?

இரண்டு வீடு மாற்றியாகிவிட்டது. இரண்டு வீட்டு வாசலிலும் புருஷன்காரன் வந்து நின்றாகிவிட்டது. முதல் தடவை எதிர்ப்புற நடைபாதையில் நின்று சிரித்துவிட்டுப் போனான். இரண்டாவது தடவை கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, பெண்டாட்டியின் வலது மணிக்கட்டை முறுக்கி உடைத்துவிட்டுப் போனான். மூன்றாவது தடவை என்ன செய்வான் என்று சொல்லத் துப்பறியும் நிபுணர் யாரும் தேவையில்லை.

ஆனாலும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மாமனார் ஒருவர், மருமகள் ஒருத்தி. மாமனாரும் மருமகளும் ஒரே வீட்டில் குப்பை கொட்டுவதே பெரிய காரியம். இவர்கள் ஒரே ஆபீஸ் வைத்துத் தொழில் நடத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் தீப்பிடித்த கடைகளின் சாம்பலைக் கிளறி, யார் கொளுத்தியது என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் நாயைக் கண்ட பூனை. மருமகளோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். வேலை நன்றாகத்தான் செய்தாள். வாய்தான் அடங்கவில்லை. மேனேஜரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள், மறுநாளே மாமனார் ஆபீஸில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வீட்டுக்கு வெளியே போர்டு கிடையாது. புருஷனுக்கும் அண்ணனுக்கும் அப்பனுக்கும் பயந்து ஓடி வந்த பெண்களை ஒளித்து வைக்கும் வீட்டுக்கு யார் போர்டு மாட்டுவார்கள்? வாசலிலேயே செல்போனை வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். நீண்ட சமையலறை, ஈரத்துணி வாசனை, கொடியில் சின்னதும் பெரியதுமாகச் சட்டைகள். மேஜைக்கு ஒரு பக்கம் இடுப்பில் சாவிக்கொத்தோடு வார்டன். மறுபக்கம் கையில் மாவுக்கட்டோடு ஒரு பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். மற்றவர்களுக்குக் கட்டுப் போட்ட கைக்கு இப்போது யாரோ கட்டுப் போட்டிருந்தார்கள்.

"எனக்கும் இவங்க மேல பாசம் இல்லாம இல்ல சார்," என்றாள் வார்டன். "ஆனா இந்தக் கூரைக்குக் கீழ இன்னும் பன்னிரண்டு பேர் இருக்காங்க. அவன் மறுபடி வந்தான்னா பன்னிரண்டு பேர் விலாசமும் சந்தி சிரிச்சுடும். கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. விஷயம் எந்த ஓட்டை வழியா வெளிய போகுதுன்னு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள தெரியணும். இல்லன்னா இவங்க வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்."

"வேற இடம்னா எங்க?" என்றாள் மருமகள்.

வார்டன் சாவிக்கொத்தைத் திருப்பினாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "இவங்களேதான் அவனுக்குச் சொல்றாங்கன்னுகூட கமிட்டியில பேசறாங்க," என்றாள்.

"கையை உடைக்க வாங்கன்னு நானே கூப்பிடுவேனா?" நர்ஸ் குரலை உயர்த்தவில்லை.

"கூப்பிட்டவங்களை நான் பாத்திருக்கேம்மா."

பெரியவர் குறுக்கிட்டுக் கேட்க ஆரம்பித்தார். போன் உண்டா? கிடையாது. கடிதம்? கிடையாது. கூட்டிவந்த டிரைவர்? ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். சொந்தபந்தம் யாருக்காவது தெரியுமா? பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. கேள்வி ஒவ்வொன்றும் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தது. பெரியவர் டீயை உறிஞ்சினார். மருமகள் அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷனுக்கு ஒரு வழக்கம் உண்டு. துப்புக் கிடைக்காதவரை டீயைச் சொட்டு விடாமல் குடிப்பார். கிடைத்த நிமிஷம் பாதியில் வைத்துவிடுவார். அதன் பிறகு அந்த டீ ஆறி ஆடை கட்டினாலும் தொட மாட்டார்.

"கம்ப்யூட்டர்?" என்றாள் மருமகள்.

"ஒண்ணு இருக்கு, மாடிப்படிக்குக் கீழ. ஆனா அதுல வம்புக்கு வழியே இல்ல," என்றாள் வார்டன். "படம், பாட்டு எதுவும் வராது. எழுத்து மட்டும் காட்டுற பிரவுசர்தான் போட்டு வெச்சிருக்கோம். படத்துக்குள்ள ஒற்றனை ஒளிச்சு வெச்சு, யார் எங்கேர்ந்து பாக்கறாங்கன்னு கண்டுபிடிச்சுடுவாங்களாமே. அதனால சர்வீஸ்காரர் மூணு வீட்டுக்கும் இதையே போட்டுக் கொடுத்தார்."

"நல்ல யோசனைதான். அதுல நீங்க என்னக்கா பாப்பீங்க?"

நர்ஸின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. "என் பொண்ணோட ஸ்கூல் பக்கம். ஒம்பது வயசு. நான் டூட்டிக்குப் போயிருந்தப்ப அவரு வீட்டைப் பூட்டிட்டாரு. கட்டின புடவையோட நான் வெளிய, அவ உள்ள. அந்தப் பக்கத்துல பிள்ளைங்க வரைஞ்ச படம் எல்லாம் போடுவாங்க. இவ பேர்ல ஏழு படம் இருக்கு."

"படம்தான் தெரியாதே?"

"படம் தெரியாது. படம் இருக்கிற இடத்துல, என்ன படம்னு ஒரு விளக்கம் வரும். 'மழை. ஒரு பெரிய குடை. குடைக்குக் கீழே அம்மாவும் நானும். அம்மாவின் கால் நனைகிறது, என் கால் நனையவில்லை.' இது நாலாவது படம்." நர்ஸ் மனப்பாடமாகச் சொன்னாள். ஏழையும் சொல்லியிருப்பாள், யாராவது கேட்டிருந்தால். "டிராயிங் மாஸ்டர் எழுதறாரு போல. நல்ல மனுஷர். எட்டாவதா ஒண்ணு கடைசியில இருக்கு. அதுக்கு மட்டும் எழுத மறந்துட்டாரு. வெறும் 'படம்'னு ஒரே வார்த்தை வரும். தினம் காலையில அதைப் படிச்சாத்தான் எனக்கு அன்னைக்கு ஓடும்."

"இங்க வந்தும் தினம் படிச்சீங்களா?" என்று கேட்டாள் மருமகள்.

"எங்க! வந்த நாள்லேர்ந்து மிஷின் ரிப்பேர். இன்னைக்குக் காலையிலதான் சரியாச்சு. படிச்சேன். வழக்கம் போல தானா மூடிக்கிச்சு."

"வழக்கம் போலன்னா?"

"படிக்கப் படிக்க, கடைசி விளக்கத்துக்குப் பின்னால கிறுக்கல் மாதிரி என்னென்னவோ எழுத்து ஓடும். அப்புறம் பிரவுசர் தானா மூடிக்கும். மூணு வீட்டுலயும் அப்படித்தான்."

"எல்லாம் தானமா வந்த பழைய மிஷின் சார்," என்றாள் வார்டன்.

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ இருந்தது.

"கிழடுன்னா ஆளுக்கு ஒரு வியாதி இருக்கும்மா," என்றார். "எனக்கு முட்டி. என் சம்பந்திக்கு மூச்சு..."

"எங்க அப்பாவை எதுக்கு மாமா இதுல இழுக்கறீங்க?"

"இரு. மூணு வீட்டுல மூணு கிழட்டு மிஷின். மூணுக்கும் ஒரே வியாதி. அதுவும் ஒரே பக்கத்தைப் படிக்கும்போது மட்டும் வருது. அது வயசுக் கோளாறு இல்ல. யாரோ சாப்பாட்டுல என்னமோ வைக்கிறான்."

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை, அறை என்று சொல்லிக்கொண்ட அலமாரி. மருமகள் குனிந்து உள்ளே போனாள். முதல் வேலையாக நெட் ஒயரைப் பிடுங்கினாள். பிரவுசர் காலையில் படித்த பக்கத்தின் நகல் ஒன்று மிஷினுக்குள் இருந்தது. அதைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்திலிருந்த குறும்பு வடிந்துபோனது. பெரியவர் வாசற்படியில் நின்று, மிஷினைத் தொடாத தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மாமா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பிரவுசர் எழுதினவன், படத்தோட விளக்கத்தைப் பிடிச்சு வைக்க உள்ளே ஒரு டம்ளர் வெச்சிருக்கான். படத்துக்கு எவன் பக்கம் பக்கமா விளக்கம் எழுதப் போறான்னு சின்ன டம்ளர். எவ்வளவு ஊத்தறாங்கன்னு பாக்கவும் இல்ல. ஊத்திகிட்டே இருந்தா?"

"வழியும்."

"வழிஞ்சு பக்கத்துல போகும். பக்கத்துலதான் கம்ப்யூட்டர் அடுத்து என்ன வேலை செய்யணும்னு குறிச்சு வெச்ச இடம் இருக்கு. வழிஞ்சது அங்க போய், பழைய குறிப்பை அழிச்சுட்டு, தன்னை எழுதிக்கும். யார் எழுதினதுன்னு கம்ப்யூட்டர் கேக்காது. எழுதியிருக்கறதைச் செஞ்சுடும். அது ஒரு நல்ல மாட்டுப் பொண்ணு மாதிரி."

"உன்னை மாதிரின்னு சொல்லு."

"ஜோக் அடிக்காதீங்க மாமா, அது என் வேலை." ஆனால் அவள் சிரிக்கவில்லை. "அந்தக் குடை, மழை, நனையாத காலு எல்லாம் அளவா இருக்கு. ஏழாவது விளக்கத்துக்குப் பின்னால வாலு நீளுது பாருங்க, கிறுக்கல்னு சொன்னாங்களே, அதுதான் வழிய விட்டது. சுத்துப்பட்டுல என்னென்ன வயர்லெஸ் இருக்குன்னு மோப்பம் பிடிச்சு, அவனுக்கு அனுப்பிட்டு மூடிக்கோன்னு உத்தரவு. அந்த மோப்பம் போதும், தெருவும் வீடும் தெரிஞ்சுடும்."

"அந்தப் பக்கத்தை ஊரே பாக்குமே. எல்லார் மிஷினும் மூடிக்காதா?"

"அதான் மாமா கெட்டிக்காரத்தனம். மத்த பிரவுசருக்கெல்லாம் டம்ளர் வேற. இந்த ஒண்ணுக்கு மட்டும்தான் அளவு எடுத்துத் தச்சிருக்கான். ஊரே கார்ல போற ரோட்டுல, மாட்டு வண்டிச் சக்கரம் போற தடத்துல மட்டும் குழி வெட்டினா விழப்போறது யாரு?"

"மாட்டு வண்டியில வர்றது இவதான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"பிரவுசருக்கு மரியாதை ஜாஸ்தி. எந்தப் பக்கத்துக்குப் போனாலும், கதவைத் தட்டும்போதே தன் பேரைச் சொல்லிட்டுத்தான் உள்ள போகும். ஒரு ஸ்கூல் பக்கத்தை தினமும் எழுத்து பிரவுசர்ல வந்து படிக்கிறது உலகத்துலயே ஒரு ஆளாத்தான் இருக்கும்."

"நுணலும் தன் வாயால் கெடும்," என்று முணுமுணுத்தார் பெரியவர்.

அவர்கள் பின்னால் வார்டன் வந்து நின்றிருந்தாள். "இதைச் சரி பண்ண முடியாதா?"

"எப்பவோ பண்ணிட்டாங்க. ஓட்டையை அடைச்ச புது பிரவுசர் வந்திருக்கு. எச்சரிக்கையும் போட்டாங்க. நீங்க மாத்தலை."

"சர்வீஸ்காரர் சொன்னாரும்மா, ஓடுற வண்டியில கை வைக்காதீங்கன்னு. படமே வராத பிரவுசர்ல என்ன ஆபத்து வந்துடப் போகுதுன்னு நானும்..." வார்டனால் முடிக்க முடியவில்லை. பத்திரத்துக்கு என்று தேடித் தேடிப் போட்ட பூட்டே திருடனுக்குச் சாவியானது அந்த அம்மாளுக்கு உறைத்துவிட்டது. பாவம், குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

பெரியவர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்குக் காலையில படிச்சேன்னு சொன்னாளே. அப்ப இந்த வீடும் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு."

வார்டன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார்கள். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார். அந்த ஒரு ஜோடிக் காலை நம்பித்தான் பதிமூன்று பெண்கள் உள்ளே இருந்தார்கள்.

"இப்பவே அனுப்பிடாதீங்க," என்று பெரியவர் வார்டனிடம் கேட்டுக்கொண்டார். "அந்த ஸ்கூல் இதே ஊர்லதான் இருக்கு. விளக்கம் எழுதறது யாருன்னு பாத்து, சாட்சியோட வர்றேன். சாட்சி இருந்தா அவனை உள்ள தள்ளலாம். அவன் உள்ள போனா யாரும் எங்கயும் ஓட வேண்டாம்."

வாசலில் செல்போன் திரும்பக் கைக்கு வந்ததும் மருமகளுக்கு விரல் துறுதுறுத்தது. பெரியவர் தடுத்தார்.

"வேண்டாம். அந்தப் பக்கத்தைத் தட்டற ஒவ்வொருத்தரையும் அவன் பாக்கறான்னு நீதானே சொன்னே? ஸ்கூலுக்கே போய், ஸ்கூல் மிஷின்ல திறப்போம். அங்கேர்ந்து திறந்தா சந்தேகம் வராது."

"கம்ப்யூட்டர் தெரியாத மனுஷன் மாதிரியா பேசறீங்க?"

"திருடனைத் தெரியும்மா."

பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. டிராயிங் அறையில் ஈரப் பெயின்ட் வாசனை. டிராயிங் மாஸ்டர் வழுக்கைத் தலையில் எப்படியோ ஒரு பச்சைத் தீற்றலோடு எழுந்து வந்தார். சிறுவர் ஓவியப் போட்டி நடத்துகிறோம் என்று பெரியவர் அலட்டாமல் ஆரம்பித்தார். அவருக்கு ஒரு காக்காய் வரையச் சொன்னால் கால் மட்டும் வரும், அதுவும் மூன்று கால் வரும். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க ஸ்கூல் பக்கத்துல பிள்ளைங்க படத்துக்கெல்லாம் விளக்கம் எழுதியிருக்கீங்களே சார், ரொம்பப் பிரமாதம்," என்று தூண்டிலைப் போட்டாள்.

"விளக்கமா? நானா? நமக்கு அதெல்லாம் ஓடாதும்மா. வெப்சைட் முழுக்க ஒரு பேரன்ட்தான் பாத்துக்கறார். அதுதான் அவர் தொழிலே. ஆனா எங்களுக்கு இலவசமா செய்யறார். தங்கமான மனுஷன். பாவம், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர்."

"பறிகொடுத்தவர்னா?"

"தவறிட்டாங்க. ஏதோ விபத்துன்னு சொன்னார். அவர் பொண்ணு நம்ம கிளாஸ்தான்."

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் ஜன்னலைப் பார்த்தார். விளக்கம் எழுதியது யார் என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. அம்மாவின் கால் நனைகிறது, என் கால் நனையவில்லை. மணிக்கட்டை முறுக்கிய அதே கைதான் அதையும் எழுதியிருந்தது. ச்சே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் மருமகள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். அந்தப் பொண்ணோட ஏழு படத்தையும் பாக்கலாமா?"

மாஸ்டர் மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தார். சாதாரண பிரவுசர். கலர் கலராக எல்லாப் பிள்ளைகளின் படமும் வந்தது, யானை, ராக்கெட், மூக்கில்லாத பிரின்சிபால். நர்ஸ் மகளின் பகுதிக்கு வந்ததும் திரை வெறிச்சோடிக் கிடந்தது. ஏழு படத்துக்கான இடம் இருந்தது. படம் ஒன்றுகூட இல்லை.

"லோடு ஆகலை போல," என்றார் மாஸ்டர்.

மருமகள் சுட்டியை வாங்கி அழுத்திப் பார்த்தாள். லோடு ஆகியிருந்தது. ஒவ்வொரு படமும் ஒரே ஒரு புள்ளி. வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளி. கண்ணுள்ளவர்களுக்கு எதுவும் தெரியாது. எழுத்து மட்டும் வரும் பிரவுசரில் படிப்பவளுக்கு மட்டும் குடை தெரியும், மழை தெரியும்.

"சார், அந்தப் பொண்ணு வரைஞ்ச ஏழு படமும் எங்க?"

"ஏழா? யார் சொன்னா? அவ ஒண்ணே ஒண்ணுதான் வரைஞ்சா. அம்மா போன புதுசுல. அதுக்கப்புறம் பென்சிலையே தொடறதில்ல. கெஞ்சிப் பாத்தாச்சு. கீழே போங்க, இருக்கும். அவங்க அப்பா அன்னைக்கு ஊர்ல இல்ல, அதனால நானே தட்டுத்தடுமாறிப் போட்டேன். விளக்கம் கிளக்கம்லாம் எழுதத் தெரியாது எனக்கு."

எட்டாவது படம். வெறும் 'படம்' என்று மட்டும் வரும் என்று நர்ஸ் சொன்னாளே, அது. மருமகள் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். கட்டிலில் ஒரு சின்ன உருவம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே வானம் முழுக்கக் கறுப்பு க்ரேயானை அழுத்தித் தேய்த்திருந்தாள், தாள் கிழிகிற அளவுக்கு. நடுவில் ஒரே ஒரு நட்சத்திரம். அதற்குக் கீழே கோணல்மாணலாக 'அம்மா' என்று எழுதியிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர், "ஒரு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிப் பாக்கறேன்," என்று பட்டனை அழுத்தினார். பக்கம் மறுபடி வந்தது. வெறும் இடம் ஏழும் காணாமல் போயிருந்தன. அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே எட்டாவது படம் மட்டும் தனியாக இருந்தது.

"அட, எடுத்துட்டார் போல. பாத்தீங்களா, எவ்வளவு சுறுசுறுப்பு," என்றார் மாஸ்டர், மெய்யாகவே சந்தோஷப்பட்டு.

பெரியவர் எழுந்துவிட்டார். அவருக்கு எந்தப் பிரவுசரும் தெரியாது. ஆனால் மீன் விழுந்த பிறகுதான் தூண்டிலைச் சுருட்டுவார்கள் என்று தெரியும்.

நடைபாதையில் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். "அதோ, அவதான்," என்று மாஸ்டர் மெதுவாகக் காட்டினார். ஒல்லியான பெண், தோளில் தண்ணீர் பாட்டில், சுவரை ஒட்டி ஒட்டி நடந்தாள். மருமகளை இடிக்காமல் ஒதுங்கிப் போனாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். உங்க அம்மா செத்துப் போகலை பாப்பா. ஒரே வரி. சொன்னால் சாயங்காலம் அது வீட்டுக்குப் போகும், அப்பாவிடம் போகும், அதன் பிறகு அந்தக் குழந்தை கதி என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்? ஊரில் யாருக்கும் அடங்காத அந்த வாய் அன்றைக்குத் தானாகவே மூடிக்கொண்டது. குழந்தை வகுப்புக்குள் போய்விட்டாள்.

வெளியே வந்து காரில் ஏறும்போது மருமகளுக்குக் கண் எரிந்தது. "நகல் நம்மகிட்ட இருக்கு மாமா. ஷெல்டர் மிஷின்ல இருக்கு. கேஸ் போடலாம்."

"போடலாம். நம்ம மிஷின்ல இருக்கறதை நாமே எழுதினோம்னு அவன் சொல்லுவான். அது போகட்டும். மனு போட்டா முதல் வரியிலயே மனுதாரர் விலாசம் கேப்பாங்க. ஒரு நகல் அவன் வக்கீலுக்குப் போகும். விலாசம் இல்லாம கோர்ட்டுக்குப் போக முடியாது. விலாசம் கொடுத்தா அவ உயிரோட இருக்க முடியாது." பெரியவர் ஒரு காலத்தில் எத்தனையோ சாம்பலைக் கிளறியவர். இவ்வளவு சுத்தமான சாம்பலை அவர் பார்த்ததில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் இரண்டு வேன் நின்றது. கொடியில் சட்டைகள் இல்லை. பெண்கள் மூட்டை முடிச்சோடு, தூக்கக் கலக்கத்தில் அழும் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். நர்ஸை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் சுவரோரம் ஒரு பையோடு தனியாக நின்றாள்.

"எந்த வேன்ல இவங்க?" என்று கேட்டாள் மருமகள்.

வார்டன் தலையைக் குனிந்துகொண்டாள். "கமிட்டிக்குப் போன் பண்ணினேம்மா. இவங்களை இனிமே எந்த வீட்டுலயும் சேர்க்கறதில்லன்னு சொல்லிட்டாங்க."

"ஓட்டை எங்கன்னு தெரிஞ்சா வெச்சுக்கறதாத்தானே பேச்சு? கண்டுபிடிச்சாச்சே!"

"கண்டுபிடிச்சுட்டீங்க. ஓட்டை இவங்கதான்னு கண்டுபிடிச்சிருக்கீங்க." வார்டன் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே ஒரு ரொட்டிப் பொட்டலத்தை நர்ஸின் பைக்குள் திணித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். பன்னிரண்டு பேரைக் காப்பாற்ற ஒருத்தியை விட்டாக வேண்டும் என்றால் அந்த அம்மாளும்தான் என்ன செய்வாள்?

பெரியவர் தன் பழைய காரின் பின்கதவைத் திறந்தார். வேறு ஊரில் அவர் தங்கை வீடு இருந்தது. எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. வேன்கள் ஒரு திசையில் போக, கார் மறு திசையில் திரும்பியது. மருமகள் நர்ஸோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பாதி வழியிலேயே பெரியவர், விபத்துக் கதையை மட்டும் விட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெள்ளைப் புள்ளியைச் சொன்னார், எழுதியது யார் என்று சொன்னார். ஆஸ்பத்திரியில் கெட்ட சேதி சொல்லிப் பழகியவளுக்குக் கேட்கவும் தெரிந்திருந்தது.

"ஏழும் இல்லை," என்றாள் நர்ஸ். "அந்த எட்டாவது? 'படம்'னு மட்டும் வருமே. அதுவும் புள்ளிதானா?"

"இல்லக்கா. அது நிஜம். உங்க பொண்ணு வரைஞ்சது."

நர்ஸின் உடையாத கை மருமகளின் கையைப் பிடித்தது. "என்ன வரைஞ்சிருக்கா? சொல்லும்மா."

மருமகள் வாயைத் திறந்தாள். "ஒரு தோட்டம்கா. நிறையப் பூ. நடுவுல..." அங்கேயே நாக்கு நின்றுவிட்டது. இல்லாத படத்துக்கு அழகழகாக விளக்கம் எழுதியவன் ஒருத்தன் ஏற்கெனவே இருக்கிறான். காலையிலிருந்து அவனைத்தான் அவள் மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தாள்.

"தோட்டம் இல்லக்கா," என்றாள். "ஒரு கட்டில். ஒரு ஜன்னல். வெளிய இருட்டு. வானத்துல ஒரே ஒரு நட்சத்திரம். அதுக்குக் கீழ 'அம்மா'ன்னு எழுதியிருக்கா."

கார் ஒரு சிக்னலில் நின்றது. பச்சை விழுந்தது. பெரியவர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

"நான் செத்துட்டேன்னு சொல்லியிருக்கான்," என்றாள் நர்ஸ். கையை உடைத்தபோதுகூட அவர், அவரு என்று சொன்னவள். "கட்டில்ல அவ படுத்திருக்காளா?"

"ஆமாங்க்கா."

"எந்தப் பக்கம் திரும்பி?"

"ஜன்னல் பக்கம்."

"சுவர் பக்கம் திரும்பினாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்." பிறகு, "அந்தப் புது பிரவுசர் போட்டுக் கொடுத்தா, ஓட்டை இருக்காதுல்ல?" என்றாள்.

"இருக்காதுக்கா. எவ்வளவு ஊத்தினாலும் வழியாது."

"அப்ப அந்தப் பக்கத்தைத் திறந்தா என்ன வரும்?"

"'படம்'னு ஒரு வார்த்தை வரும். அவ்வளவுதான்."

"அது போதும் எனக்கு."

மருமகள் முன்சீட்டைப் பார்த்தாள். மாமனார் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் கியரை மாற்றினார். கடைசியில் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஓட்டை இல்லாட்டியும், தட்டினது எந்த ஊர் லைன்லேர்ந்துன்னு கதவு வெச்சிருக்கறவனுக்குத் தெரியும்கா. கதவு அவன் கையில இருக்கு. நீங்க தட்டவே கூடாது. எப்பவுமே."

நர்ஸ் தலையை ஆட்டினாள். மருமகளிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு, மாவுக்கட்டை மடியில் வைத்து, கண்ணாடிப் பக்கம் திரும்பித் தலையைச் சாய்த்தாள். பெரியவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்து, தூங்கட்டும் என்று ரேடியோவை அணைத்தார். தங்கை வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். தூங்கவில்லை.